காசு போதும்; பந்து கொடுங்கள்!

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் ஜனசமுத்திரம் மலையைச் சுற்றி நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. வெறுங்காலுடன் நடக்கிறார்கள், குழந்தையைத் தோளில் சுமந்து நடக்கிறார்கள், "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார்கள்.

பாதையின் ஓரத்தில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். கால் இழந்தவர் ஒருவர். சூம்பிய காலை மடித்துப் போட்டுக்கொண்டிருப்பவர் இன்னொருவர். இடுப்புக்குக் கீழே உயிர்ப்பில்லாமல் பலகை வண்டியில் இருப்பவர் மற்றொருவர். நடந்து போகிறவர்கள் குனிந்து காசு போடுகிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மேலே நடக்கிறார்கள்.

தர்மம் செய்வது தவறு என்று யார் சொல்வார்கள்? பசித்தவனுக்குச் சோறு போடுவதில் திருவண்ணாமலைக்கு ஈடான ஊர்கள் குறைவு. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனத்தைக் குடைகிறது. கால் இல்லாதவன் கையில் நாம் காசு வைக்கிறோம். அந்தக் கையில் என்றைக்காவது ஒரு பந்தை வைத்திருக்கிறோமா?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. வைத்திய சாஸ்திரம் 80 ஆண்டுகளாகச் சொல்லிவரும் உண்மை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உடல் ஊனமுற்ற ஒருவருக்கு விளையாட்டு என்பது பொழுதுபோக்கு அல்ல, மருந்து. பல சமயங்களில் அது உயிர் காக்கும் மருந்து.

கட்டிலில் முடிகிற கதை

ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். வயது இருபத்திரண்டு. கட்டட வேலைக்குப் போனவன் சாரத்திலிருந்து விழுந்தான். அல்லது மோட்டார் சைக்கிளில் போனவன் லாரியில் மோதினான். முதுகுத் தண்டு அடிபட்டது. உயிர் பிழைத்தான், கால்கள் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் நடந்தது. சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு?

திண்ணை ஓரத்தில் ஒரு கட்டில். தாயார் பகலெல்லாம் பக்கத்தில். பார்க்க வந்த உறவினர்கள், "விதி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் மாதம் நண்பர்கள் வந்தார்கள். மூன்றாம் மாதம் ஒருவரும் இல்லை. புரண்டு படுக்க முடியாத உடம்பில் படுக்கைப் புண் வந்தது. உணர்ச்சி இல்லாததால் புண் வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. சிறுநீர்ப் பையில் சீழ் வைத்தது. ஜுரம் வந்தது. முதுகெலும்பு முறிந்ததால் சாகாதவன், அதன் பின் வந்த புண்ணாலும் ஜுரத்தாலும் செத்தான்.

இவன் கற்பனை இளைஞன்தான். ஆனால் இவனைப் போன்ற ஒருவரை அறியாத கிராமம் நம் பக்கத்தில் இருக்குமா என்பது சந்தேகம். உலகில் இன்று முதுகுத் தண்டு அடிபட்டு வாழ்கிறவர்கள் 1 கோடியே 50 லட்சத்துக்கு மேல் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. போலியோவை நம் நாடு வென்றுவிட்டது. 2014ல் அதற்குச் சான்றும் பெற்றுவிட்டது. ஆனால் சாலைகளும் கட்டடங்களும் மரங்களும் கிணறுகளும் புதிய ஊனங்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. 2011ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். இத்தனை பேரும் கட்டிலோடும் திண்ணையோடும் இருந்துவிட வேண்டியதுதானா?

ஆஸ்பத்திரியில் பிறந்த ஆட்டம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்திலும் இதே நிலைதான் இருந்தது. முதுகெலும்பில் குண்டடி பட்ட சிப்பாய்களை ஒரு மூலையில் படுக்க வைத்து, சாவை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். 1944ல் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் இவர்களுக்கென்று ஒரு தனிப் பகுதி திறக்கப்பட்டது. அதன் தலைவர் டாக்டர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939ல் ஜெர்மனியிலிருந்து ஓடி வந்த யூதர்.

அவர் முதலில் செய்த காரியம் என்ன? இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைத்தார். படுக்கைப் புண் மறைந்தது. சிறுநீர்ப் பையைக் கவனித்தார். ஜுரம் குறைந்தது. சாகப் போகிறவர்கள் என்று கைவிடப்பட்டவர்கள் சாகாமல் இருந்தார்கள்.

இங்கேதான் இரண்டாவது பிரச்னை முளைத்தது. சாகவில்லை, சரி, வாழ்வதற்கு என்ன இருக்கிறது? பிழைத்த இளைஞர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஒரு நாள் சிலர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு வட்டைத் தட்டி விளையாடுவதை டாக்டர் கண்டார். "ஆஸ்பத்திரியில் என்ன கூத்து?" என்று அதட்டுகிற ரகத்தைச் சேர்ந்தவரல்ல அவர். விளையாட்டையே வைத்தியத்தின் ஒரு பகுதியாக்கினார். தடியாட்டத்தில் அடிதடி அதிகமானதால் அது கைவிடப்பட்டது; கூடைப்பந்து வந்தது, அம்பு எய்தல் வந்தது. 1948 ஜூலை 29ம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் தோட்டத்தில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில் வளைத்தார்கள். 1960ல் ரோம் நகரில் சுமார் 400 பேர் கூடினார்கள். இன்று பாராலிம்பிக் என்று உலகம் கொண்டாடும் விழாவுக்கு வித்து இதுதான்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்த விழா பிறந்தது மைதானத்தில் அல்ல, ஆஸ்பத்திரியில். முதலில் சிகிச்சை வந்தது; பதக்கம் பின்னால் வந்தது. நாமோ பதக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சிகிச்சையை மறந்துவிட்டோம்!

ஏன் ஆட வேண்டும்?

"தேகப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும்போது ஆட்டம் எதற்கு?" என்று கேட்கலாம்.

இரண்டு கைகளையும் 20 தடவை தூக்கச் சொல்லுங்கள். நோயாளி பத்தில் நிறுத்திவிடுவார். அவர் கையில் பந்தைக் கொடுத்து, எதிரே ஒரு கூடையையும் ஓர் எதிரியையும் வையுங்கள். ஐம்பது தடவை தூக்குவார், தூக்கியதே தெரியாது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து கழிப்பறைக்கும் பிறர் உதவியின்றி மாறுவதற்குத் தோளிலும் கையிலும் பலம் வேண்டும். உட்கார்ந்த இடத்தில் புண் வராமலிருக்க, அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளவும் அதே பலம் வேண்டும். அந்தப் பலத்தை ஆட்டம் தருகிறது. உட்கார்ந்தே இருப்பதால் வரும் கொழுப்பு, சர்க்கரை, இருதய நோய் ஆகியவற்றையும் தள்ளிவைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். திண்ணையில் தனியாகக் கிடந்தவனுக்குக் கூட்டாளிகள் கிடைக்கிறார்கள். சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தம் செய்வது, பஸ்ஸில் எப்படி ஏறுவது, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்ற கேள்விகளையெல்லாம் டாக்டரிடம் கேட்கக் கூச்சம். பக்கத்து நாற்காலிக்காரனிடம் கேட்கக் கூச்சம் இல்லை.

கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்களும் ஆடலாமா? ஆடலாம். "பொச்சியா" என்று ஓர் ஆட்டம். ஒரு வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட வேண்டும். சிவப்புப் பந்து ஆறு ஒரு தரப்புக்கு, நீலப் பந்து ஆறு மறு தரப்புக்கு. யாருடைய பந்து வெள்ளைப் பந்துக்கு நெருங்கி நிற்கிறதோ அவருக்கு வெற்றி. நம் ஊர்ப் பையன்களின் கோலி ஆட்டத்துக்குத் தூரத்து உறவு! பந்தை எறிய முடியாதவர் ஒரு சரிவுப் பலகையை வைத்துக்கொள்ளலாம். தலையில் கட்டிய குச்சியால் பந்தைத் தள்ளலாம். பலகையைப் பிடிக்க ஓர் உதவியாள் உண்டு. ஆனால் அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏன் தெரியுமா? யோசனை முழுவதும் ஆடுகிறவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதற்காக. உதவி செய்கிறவர்கள் அனைவரும் கற்க வேண்டிய பாடம் அந்த ஒரு விதியில் இருக்கிறது.

நம் நாட்டிலும் உண்டு

இதெல்லாம் வெள்ளைக்காரர் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் வேலூர் இருக்கிறது. அங்கே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆப்பரேஷன் செய்தார். அமெரிக்கா சென்று புனர்வாழ்வு வைத்தியம் படித்துவிட்டு வந்தார். அவருடைய முயற்சியால் 1966ல் வேலூர் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. 1972ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிகிச்சை முடித்துப் போன பழைய நோயாளிகள் மீண்டும் வந்து கூடும் விழா அந்நிலையத்தின் வழக்கங்களில் ஒன்று. விளையாட்டுப் போட்டிகளும் அதில் உண்டு.

1965 யுத்தத்தில் குண்டடி பட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், சிகிச்சைக்காகத்தான் தண்ணீரில் இறங்கினார். 1972ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. குழந்தைப் பருவத்தில் போலியோவால் தாக்கப்பட்ட வங்கி அதிகாரி மாதவி லதாவும் அப்படியே. முதுகு வலிக்குச் சிகிச்சையாகத்தான் நீரில் இறங்கினார், நீச்சல் வீராங்கனையானார். பின்னர் சென்னையிலிருந்து சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சம்மேளனத்தைக் கட்டி எழுப்பினார்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை அறியாதவர் இல்லை. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016ல் ரியோ நகரில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி. 2024ல் பாரீசில் வெண்கலம். அதே பாரீசில் இறகுப்பந்து ஆட்டத்தில் துளசிமதி வெள்ளியும், மனிஷா, நித்யஸ்ரீ இருவரும் வெண்கலமும் வென்றார்கள். ஒரே விழாவில் தமிழ்நாட்டுக்கு நான்கு பதக்கங்கள்!

பெருமைதான். ஆனால் மாலை போடுவதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதா? பதக்கம் வாங்கியவர் விமான நிலையத்தில் இறங்கியதும் மேளம் கொட்டுகிறோம். ஆஸ்பத்திரியை விட்டு இறங்குகிறவனை யார் கவனிக்கிறோம்?

அண்ணாமலையில் ஒரு வீராங்கனை

திருவண்ணாமலைக்காரர்கள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. பிரீத்தி சீனிவாசன் அவர்கள் ஊரிலேயே இருக்கிறார். 19 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்கள் கிரிக்கெட் அணியின் தலைவியாக இருந்தவர், நீச்சலிலும் கெட்டிக்காரி. 1998ல் கல்லூரித் தோழிகளோடு புதுச்சேரிக் கடற்கரைக்குப் போனார். அலையில் கால் தடுமாறியது. ஒரு விநாடியில் நடந்த விபத்து. கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. அப்போது வயது 18.

2007ல் தந்தையையும் இழந்த அந்தப் பெண், தம்மைப் போல் முதுகுத் தண்டு அடிபட்டவர்களுக்காக 2013ல் "சோல்ஃப்ரீ" என்ற தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அதன் புனர்வாழ்வு நிலையம் திருவண்ணாமலையில் இருக்கிறது. 2017ல் தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்தது.

தோற்ற பிறகும் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்பதுதான் விளையாட்டுக்காரர்களின் குணம். அந்தக் குணத்தை விபத்துக்கு முன்பே ஆடுகளத்தில் பெற்றுவிட்டவர் அவர். ஆனால் எல்லோரும் அணித் தலைவியாக இருந்துவிட்டு விபத்தில் சிக்குவதில்லையே! கூலி வேலைக்குப் போன இளைஞனுக்கும், தண்ணீர் எடுக்கப் போய்க் கிணற்றில் விழுந்த பெண்ணுக்கும் அந்தக் குணத்தை விபத்துக்குப் பின்னர்தான் ஊட்டியாக வேண்டும்.

சோற்றுக்கே வழியில்லையே!

"சக்கர நாற்காலியே கிடைக்காதவனுக்குக் கூடைப்பந்தா? உதவித் தொகைக்கு அலைகிறவனுக்கு விளையாட்டா? வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியாதவன் மைதானத்துக்கு எப்படி வருவான்?"

இந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. உதவித் தொகையும் நல்ல நாற்காலியும், உள்ளே நுழையக்கூடிய கழிப்பறையும் முதல் தேவை. இவற்றை நிறுத்திவிட்டு விளையாட்டு நடத்துங்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் "முதலில் சோறு, பிறகு மற்றவை" என்று சொல்லிச் சொல்லியே அந்த "பிறகு" வராமல் போனது எத்தனை விஷயங்களில்! படுக்கைப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தால் ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால், புண் வராமல் உடம்பைப் பலப்படுத்தும் பந்து மலிவு என்பது விளங்கும்.

வேறொரு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும். "ஊனமுற்றவர் என்றால் ஓடியாடிச் சாதித்தே தீர வேண்டுமா? சும்மா இருக்க எங்களுக்கு உரிமை இல்லையா?" இதுவும் சரியான கேள்வியே. கால் உள்ளவர்கள் எல்லோரும் ஓட்டக்காரர்களா? ஒவ்வொருவரையும் மாரியப்பனாக்க வேண்டும் என்பதல்ல வாதம். ஆட விரும்புகிறவனுக்கு ஆட இடம் வேண்டும், அவ்வளவுதான். அது சலுகையும் அல்ல. 2016ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30வது பிரிவு, விளையாட்டில் அவர்கள் பங்கு பெற வழிசெய்வது அரசாங்கத்தின் கடமை என்று சொல்கிறது.

எச்சரிக்கையும் வேண்டும்

மருந்து என்றால் அளவும் பத்தியமும் உண்டு. முதுகுத் தண்டு மேல் பகுதியில் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். திருவண்ணாமலையின் சித்திரை வெயிலில் நடுப்பகலில் அவர்களை ஆட விடுவது ஆபத்து. காலை, மாலை நேரமே ஏற்றது. நிழலும், தெளிக்கத் தண்ணீரும் பக்கத்தில் வேண்டும். ஆட்டத்துக்கு முன் சிறுநீர்ப் பை காலியாக இருக்க வேண்டும். நிரம்பிய பை சிலருக்கு ரத்த அழுத்தத்தை அபாயகரமாக ஏற்றிவிடும். புண் இருந்தால் அது ஆறும் வரை ஆட்டம் கூடாது. தோள்தான் இவர்களுக்குக் கால். அதைத் தேய்த்துவிடக் கூடாது. ஆகையால் டாக்டரையும் பயிற்சியாளரையும் கலக்காமல் ஆர்வக் கோளாறில் பந்தயம் நடத்துவது நன்மைக்குப் பதில் தீமையே செய்யும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. நான்கு காரியங்கள் போதும்.

முதலாவது: திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கால் இழந்தவரும் முதுகுத் தண்டு அடிபட்டவரும் வீடு திரும்புமுன் ஓர் ஆட்டமாவது கற்றுக்கொண்டு போக வேண்டும் என்பது சிகிச்சையின் விதியாகட்டும். மருந்துச் சீட்டில் மாத்திரையோடு ஆட்டமும் எழுதப்படட்டும்.

இரண்டாவது: மாவட்ட விளையாட்டு மைதானத்தில் பொதுவாக வைத்துக்கொள்ளச் சில விளையாட்டு நாற்காலிகள். ஓடும்போது கவிழாமலிருக்கச் சக்கரம் சாய்வாக வைத்த நாற்காலி விலை உயர்ந்தது. தனியொருவரால் வாங்க இயலாது. பத்து நாற்காலிகளை நூறு பேர் மாறி மாறிப் பயன்படுத்தலாம். ஒரு பொச்சியாப் பந்து ஜதை, சரிவுப் பாதை, நாற்காலி நுழையும் அகலத்தில் கழிப்பறைக் கதவு. வாரத்தில் இரண்டு மாலைகள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத் திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு வந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் போட்டி ஆண்டுக்கு ஒரு முறை. உடம்பு ஆண்டு முழுவதும் இருக்கிறதே!

மூன்றாவது: பள்ளிக்கூடம். விளையாட்டு மணி அடித்ததும் கால் ஊனமான பையனை மரத்தடியில் உட்கார வைத்து, மற்றப் பையன்களின் செருப்புக்கும் புத்தகப் பைக்கும் காவல் வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மாரியப்பனையும் அவருடைய ஆசிரியர் அப்படிக் காவல் வைத்திருந்தால் ரியோவில் நம் கொடி ஏறியிருக்காது.

நான்காவது: ஊரார். அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி அனுப்பும் வியாபாரிகளும், வெளியூர் பக்தர்களும் ஆளுக்கொரு நாற்காலி என்று ஏற்றுக்கொள்ளலாம். கூட்டமில்லாத ஒரு விடியற்காலையில் கிரிவலப் பாதையின் ஒரு பகுதியையாவது சக்கர நாற்காலிப் பந்தயத்துக்கு ஒதுக்கலாம். உடல் நலம் உள்ளவர்கள் அன்று ஓரத்தில் நின்று பார்க்கட்டும்.

மலையைச் சுற்றி வருவதற்குக் கால்தான் வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. கையால் சக்கரத்தைத் தள்ளிச் சுற்றினாலும் அது வலம்தான். பாதை ஓரத்தில் உட்கார்ந்து கை நீட்டிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கையால் சக்கரம் தள்ள ஆசை என்று இதுவரை கேட்டவர் யார்?

அடுத்த பௌர்ணமிக்குக் காசு போடும்போது ஒரு விநாடி நின்று, அவர்களை அந்தக் கேள்வி கேட்டால் போதும். பதில் தானாக வரும்.